இட்லிக்கு வகிடெடுத்த ஊர்

சோற்றில் முடி கிடப்பது வேறு, சோற்றில் முடி முளைப்பது வேறு. கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டு, சமைத்தவளை நாலு வார்த்தை திட்டிவிட்டு மேற்கொண்டு சாப்பிடலாம். எங்கள் ஊரில் முளைத்தது. ஏழு மாதம் முளைத்தது. ஏழு மாதமும் ஊர் முழுக்க மூன்று வேளையும் ஏப்பம் விட்டுச் சாப்பிட்டோம் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

முளைத்தது என் அக்கா பிரமுவின் முடி. பிரம்மசக்தி என்பது பள்ளிக்கூடத்துப் பெயர், எனக்கு இரண்டு வயது மூத்தவள். நான் சந்தனக்குமார், வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டே ஒன்பது வயதுவரை தின்று கொழுத்தவன். நான் வயிற்றில் இருக்கும்போதே, பிறப்பது பையனாக இருந்தால் மூத்தவளுக்கு மொட்டை போடுவதாக அம்மா மலைக்கோயில் சாமிக்கு நேர்ந்துகொண்டாள், அது முதல் மொட்டை. எனக்குப் பல் முளைக்கத் தாமதமானதற்கு இரண்டாவது, மஞ்சள் காமாலைக்கு மூன்றாவது, முருங்கை மரத்திலிருந்து விழுந்து கை பிசகியதற்கு நாலாவது, மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டு அது வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்ததற்கு ஐந்தாவது என்று, நோவு எனக்கு வந்தது, முடி அவளுடையது போனது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். எந்த மலை, எந்தச் சாமி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதில் சாமிமேல் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் யார் தலையையும் கேட்கவில்லை.

ஒன்பதாவது மொட்டை நான் ஒரே மூச்சில் பதினொரு அதிரசம் தின்று வயிறு உப்பிக் கிடந்ததற்கு. அதற்குமுன் ஒன்றரை வருடம் எனக்கு ஒன்றும் வராமல் இருந்ததால் அக்காவுக்கு முடி கழுத்தைத் தாண்டியிருந்தது. மொட்டை போடும் மண்டபத்தில், தலையில் தண்ணீர் தெளித்த பிறகும் அவள் உட்கார மறுத்தாள்.

"எம்மா, இந்த ஒரு தடவ வேண்டாம்மா. பள்ளிக்கூடத்துல எல்லாவளும் பிச்சிப்பூ வச்சிட்டு வாராளுவ. எனக்கு இப்பதான் பூ நிக்க ஆரம்பிச்சிருக்கு. வயித்துவலி அவனுக்குத்தான, அவனுக்கே போடேன்."

"பச்சப்பிள்ள தலையில கத்திய வைக்கச் சொல்லுதியேட்டி. உச்சி குளுந்து சளி புடிச்சிட்டுன்னா நீயா பாப்ப? உனக்கென்ன, போனா வளந்துட்டுப் போகுது."

"இனிமே என் தலையில வளராது" என்றாள் அக்கா. நாளைக்கு இந்த ஊருக்குப் பஸ் வராது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள், அழவில்லை. முடி எடுக்கும் குமாரவேல் அண்ணன் ஒரு நிமிடம் கத்தியை நிறுத்தினார், அம்மா முறைத்ததும் எடுத்தார். அக்காவின் தலையில் பூசியதுபோக மிச்சமிருந்த சந்தனத்தை அம்மா என் கழுத்தில் தடவிவிட்டாள், வெயிலாம். நான் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் என் தட்டில் வைத்த நாலு இட்லியிலும் முடி முளைத்திருந்தது. விரல் நீளம், கறுகறுவென்று, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசத்தோடு, நன்றாக வேர் பிடித்து. அம்மா ஒன்றைப் பிடித்து இழுத்தாள், இட்லி முழுதாகக் கூடவே வந்தது. அரிவாள்மனையால் மழித்தாள், அடுத்த வாய் எடுப்பதற்குள் திரும்ப வளர்ந்தது. மதியம் சோற்றில் முளைத்தது, குழம்பில் முளைத்து ஆற்றுப்பாசிபோல் அலைந்தது, சாயங்காலம் வடையின் ஓட்டை வழியாகக் கொத்தாக எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்குப் போனது, பத்தாம் நாள் ஊர் முழுக்கப் போனது. அக்காவின் தலையில் மட்டும் ஒரு பொட்டு முடி இல்லை, மண்பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

முதல் வாரம் ஊரில் வழக்கம்போல் நடந்தது, புருஷன்மார் எல்லாரும் பெண்டாட்டிகளை அடித்தார்கள். அடித்தும் இட்லி மழுமழுவென்று ஆகாததால் இரண்டாம் வாரம் யோசித்தார்கள். யோசித்ததில் முன்னால் நின்றவர் பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருந்த பூதப்பாண்டி அண்ணாச்சி. அவர் ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் தம்ளருக்குப் பக்கத்தில் இன்னொரு தம்ளர் வைத்து அதில் ஒரு சீப்பைப் போட்டுவைத்தார். சாப்பிட வருகிறவர் இட்லிக்கு நடுவகிடு எடுத்து, முடியை இரண்டு பக்கமும் வாரிப் படிய வைத்துவிட்டு, வெள்ளையாகத் தெரிகிற அந்தச் சந்துக்குள் விரலை விட்டுப் பிட்டுத் தின்ன வேண்டும். ஒரு மாதத்தில் ஊரில் எல்லாருக்கும் இது கைவந்துவிட்டது.

பழகினால் எதுவும் பழகிவிடும் என்பார்களே, அதில் எவ்வளவு அசிங்கம் இருக்கிறது என்று எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணப் பந்தியில் இலை போட்டு, உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, சோறு போட்டபின் சாம்பார் வாளிக்கு முன்னால் சீப்புக்காரர் ஒருவர் நடந்தார். சாம்பார்ச் சோற்றுக்கு இடவகிடு, ரசத்துக்கு நேர்வகிடு, பாயசத்தைப் பின்னலாகப் பின்னி அதன் நுனியைப் பிடித்து உறிஞ்ச வேண்டும் என்று முறை வைத்தார்கள், வைத்த ஒரு மாதத்திலேயே அது முன்னோர் வைத்த முறை என்றார்கள். குழந்தைக்குச் சோறூட்டும் நாளில் தாய்மாமன் வெள்ளிச் சீப்பு கொண்டுவர வேண்டும் என்று ஆனது, கொண்டுவராத ஒரு மாமனை அவன் கூடப்பிறந்தவளே வாசலோடு திருப்பி அனுப்பினாள். மழைக்காலம் வந்தபோது தயிர்ச்சோற்றில் பேன் விழுந்தது. பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடி தயிர்ச்சோற்றுக்குப் பேன் பார்த்தார்கள், நகத்தில் வைத்துக் குத்தினார்கள், அதே கையால் அள்ளிப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். பிள்ளைகள் வாயைத் திறந்தன.

இது யாருடைய முடி என்று தெரியாதவர் ஊரில் ஒருவரும் இல்லை. அந்த எண்ணெய் வாசம் எல்லாருக்கும் தெரியும், அக்கா சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். "பாவம், அந்தப் பிள்ள வயிறெரிஞ்சு சொன்னது" என்று சொல்லிக்கொண்டே வகிடெடுத்தார்கள். அந்தப் பிள்ளையிடம் போய், தாயே, தெரியாமல் செய்துவிட்டோம், இனி உன் தலையைத் தொட மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக முடியைத் தின்றார்கள். ஒரு பொட்டப்பிள்ளையிடம் தணிந்து போவதைவிட முடியைத் தின்பது அவர்களுக்கு லேசாக இருந்தது.

அக்கா தட்டில் மட்டும் முளைக்கவில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள், சட்டியில் ஒட்டியது அவளுக்கு. அந்தக் காய்ந்த சோறு முடி இல்லாமல் வெள்ளையாக இருக்கும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அம்மா அந்தத் தட்டைப் பிடுங்கி எனக்கு வைத்தாள், என் முன்னால் வந்ததும் அதிலும் முளைத்தது, அக்காவுக்குத் திரும்பக் கொடுத்தால் உதிர்ந்துவிடுகிறது என்று தெரிந்தும் கொடுக்கவில்லை. முதலில் எனக்கு அம்மாதான் வாரிக்கொடுத்து ஊட்டினாள். பொறுமை இல்லாத எனக்கு வாரி முடிக்கும்வரை பசி தாங்காது, அப்படியே விழுங்கப் பழகினேன். தொண்டையில் கூசிக்கொண்டு இறங்கும். இறங்கிவிடும்.

பிரச்சினை வெளியூரால் வந்தது. பூதப்பாண்டி அண்ணாச்சியின் மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள், கேசரியைச் சீவி ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார்கள், செருப்பைக்கூட மாட்டாமல் வேன் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். அம்மா அப்பாவோடு நானும் போயிருந்தேன். அக்காவை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒன்பதாவது மொட்டைய அவ மனசில்லாமக் குடுத்தது" என்றார் அண்ணாச்சி. "அதுக்குப் பரிகாரமா ஊர் சார்புல பத்தாவது மொட்ட போட்டுருவோம். வெள்ளிக்கிழம நல்ல நாளு."

"தலையில ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி" என்றார் அப்பா. அவர் அந்த ஏழு மாதத்தில் இந்த விஷயத்தில் பேசிய ஒரே பேச்சு அது.

"புருவம் இருக்குல்லா. இமையில முடி இருக்குல்லா. சாமிக்குக் குடுக்கணும்னு நெனச்சா எடமா இல்ல?"

கூட்டம் தலையாட்டியது. அம்மா மட்டும் கொஞ்சம் தயங்கி, "இமைய எடுத்தா வலிக்குமோ?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் வலிக்காது என்று யாரோ சொன்னார்கள். "அப்பம் சரி" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு முதல்தடவையாக எங்கள் எல்லார்மேலும் அருவருப்பு வந்தது. வந்ததே தவிர, வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் எட்டு மணிக்கு. அக்கா ஆறரை மணி பஸ்ஸுக்கே கிளம்பினாள். இடுப்பில் எங்கள் வீட்டு இட்லிச் சீப்பைச் செருகியிருந்தாள்.

"ஏல, நீயும் வா" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு?"

"என் முடிய நான் திரும்ப வாங்கப் போறேன். யாருக்காவ எடுத்தாவளோ அவன் வந்து வேண்டாம்னு சொன்னாத்தான் அது வரும். இன்னைக்கு வாங்கலன்னா என் கண்ணுல ஒரு மயிரு இருக்காது. அப்புறம் மூக்கு, காதுன்னு எதையாவது கேப்பாவ."

"சோத்துல முடி வாரது நின்னுருமா?"

"நின்னுரும்."

அதற்காகத்தான் போனேன். அவள் கண்ணுக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பொய். பஸ்ஸில் கண்டக்டர் அக்காவின் தலையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மலைக்குப் போயி மொட்டையோட திரும்புவாவ, நீ மொட்டையோடவே போறியே தாயி" என்றார். "திரும்பும்போது முடியோட வருவேன்" என்றாள் அக்கா. பஸ்ஸில் சிரித்தார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால், வந்த முடியையெல்லாம் கொட்டிவைக்கும் தகரக் கொட்டகை இருந்தது. குமாரவேல் அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஒன்பது தடவ எடுத்திருக்கேன் தாயி, ஒரு தடவகூட உன்ட்ட கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைத் தாழைத் திறந்து விட்டார். உள்ளே கூரை முட்ட முடி. நனைந்த சாக்கு வாடை, புளித்த சந்தன வாடை, அங்கங்கே கத்தி கீறிய ரத்தப் பொட்டு காய்ந்துபோய்ப் பொருக்காக, அதன்மேல் ஊர்கிற பேன்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா குவியலின் அடியில் சீப்பை வைத்து மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். முடி இரண்டு பக்கமும் ஒதுங்கியது. நடுவில் வெள்ளையாக ஒரு பாதை விழுந்தது.

அந்தப் பாதையில் அவள் நடக்க, அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பத்தடிக் கொட்டகை, உள்ளே நாங்கள் மூன்று மைலாவது நடந்திருப்போம், இரண்டு பக்கமும் மலையாக முடி, ஒவ்வொரு கொத்தும் நாங்கள் கடக்கும்போது தான் யாருக்காக வந்தது என்று முணுமுணுத்தது. அண்ணனுக்கு டைபாய்டு என்றது ஒன்று, தம்பி பத்தாவது பாஸாகணும் என்றது ஒன்று, மாமாவுக்கு விசா, அப்பா குடியை விடணும், அண்ணன் சைக்கிள் தொலைந்துபோச்சு, தம்பி வேணும், தம்பி வேணும், தம்பி வேணும் என்று அந்த ஒன்றை மட்டும் ஆயிரம் கொத்துகள் சொல்லின. எல்லாம் சின்னப் பெண்குரல்கள். அக்கா எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவளுடைய முதல் முடி, இரண்டு வயசு முடி, பூனைக்குட்டி முதுகுபோல் மெத்தென்று ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அது என்னைப் பார்த்து, "உனக்குத்தானே வந்தேன், வேணுமா?" என்று கேட்டது. "வேண்டாம், அக்காவுக்கே" என்றேன். அது ஊர்ந்து வந்து அவள் தலையில் ஏறி உட்கார்ந்து வேர்விட்டது. பல்லுக்கு எடுத்தது வந்தது, காமாலைக்கு எடுத்தது வந்தது, புளியங்கொட்டைக்கு எடுத்தது வந்தது. ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறையும் பழைய நோவு திரும்பிவிடுமோ என்று பயந்து உடம்பைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, பல் விழவில்லை, கண் மஞ்சளாகவில்லை. அத்தனை மொட்டைக்கும் என் நோவுக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. எட்டாவது வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு முடி முழங்காலைத் தொட்டது. அவள் அதைத் தோளில் முன்பக்கம் எடுத்துப் போட்டு ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் வீட்டில் அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

ஒன்பதாவதைக் காணோம். தேடித் தேடிப் பார்த்துவிட்டு அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"வாயத் தொற" என்றாள்.

திறந்தேன். இரண்டு விரலை உள்ளே விட்டு நுனியைப் பிடித்து, கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். ஏழு மாதம் நான் விழுங்கியது அத்தனையும் எச்சிலும் கோழையும் சாம்பார் மஞ்சளுமாக வந்துகொண்டே இருந்தது. குடல் புரண்டது, கண்ணில் நீர் முட்டியது. பாதி வந்திருக்கும், அப்போது பின்னால் சத்தம் கேட்டது. வேன் வந்துவிட்டது. கொட்டகைக்குள் பிரிந்த வகிட்டின் வழியாக அம்மாவும் அப்பாவும் அண்ணாச்சியும் ஊரும் வந்து நின்றார்கள்.

"ஏட்டி, எம்பிள்ள வாய்க்குள்ள கைய விட்டு என்னட்டி செய்யுத?" என்றாள் அம்மா.

"ஒரு நிமிசம்மா" என்றாள் அக்கா. "இவன் இன்னும் ஒரு நிமிசம் வாயத் தொறந்துட்டு நின்னாப் போதும். எல்லாம் முடிஞ்சிரும்." பிறகு என்னைப் பார்த்து, தணிந்த குரலில், "ஏல, நில்லுல" என்றாள்.

நிற்பதற்கு எனக்கு என்ன கேடு? வலித்தது, ஆனால் தாங்குகிற வலிதான். அம்மா முகத்தைப் பார்த்ததும், நான் வீட்டில் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். அழுதேன், அக்காவைக் கை காட்டினேன், பல்லைக் கடித்தேன். முடி அறுந்தது. அவள் விரலில் ரத்தம் வந்தது.

அவள் கோபப்படவில்லை. கையில் தொங்கிய பாதி முடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற ஊரைப் பார்த்தாள். "சீ" என்றாள். தரையில் துப்பிவிட்டு, அந்தப் பாதி முடியையும் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் போகப் போகப் பின்னால் வகிடு மூடிக்கொண்டே போனது. அண்ணாச்சி ஓடிப்போய் இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தார், அந்தப் பக்கம் தகரம்தான் இருந்தது. ரொம்ப உள்ளேயிருந்து நிறையப் பெண்பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் சிரிப்பும் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

அன்று மதியமே ஊரில் சோற்றில் முடி நின்றுவிட்டது. புருவத்தைக் கொடுக்கவே இல்லை, கொடுப்பதாக நினைத்ததற்கே சாமி பலன் கொடுத்துவிட்டார் பாருங்கள் என்றார் அண்ணாச்சி. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டு நாள் அக்காவைத் தேடினார்கள், மலைக்கு அந்தப்புறம் பஸ் ஓட்டுகிறவர்கள் தரையைப் பெருக்குகிற முடியோடு ஒரு பிள்ளை இன்னும் பல பிள்ளைகளோடு போவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள், அதற்குமேல் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இட்லி வெறும் இட்லியாக இருப்பது சப்பென்று இருக்கிறது என்று சிலர் குறைப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம் அம்மா சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் தொண்டையில் அறுந்த முடியின் மிச்சப் பாதி உறுத்திக்கொண்டிருந்தது. சோற்றை உருட்டும்போது அவளுக்குத் திடீரென்று அழுகை வந்தது, பொய்யழுகை இல்லை, மூக்கு ஒழுக, மார்பில் அடித்துக்கொண்டு, பெற்ற வயிறு எரிய அழுதாள். பிறகு மலை இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பி, சோற்றுக் கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

"சாமி, எம்மவ நல்லபடியாத் திரும்பி வந்துட்டான்னா, அவ முடிய உனக்கே எறக்குதேன்."

சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை என் வாயருகே நீட்டினாள். நான் வாயைத் திறந்தேன்.